உறுமலில் எத்தனை வகை

கேட்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அப்படிச் சொல்கிறவர்களோடு நான் வாதாடியதில்லை. தூரத்தில் நின்றால் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்து வருவதும் ஒரே நாற்றம்தான். உள்ளே நின்றவர்களுக்குத்தான் உப்புத் தோல் நாறுவது வேறு, சுண்ணாம்புத் தொட்டி நாறுவது வேறு, தோலின் உள்பக்கத்தில் வழித்துப் போட்ட ஜவ்வு வெயிலில் நாறுவது வேறு என்று தெரியும். அப்பா திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் ஜவ்வு வழிக்கிறவர். அம்மா அங்கேயே தோல் காயப் போடுகிறவள். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதை யார் முன்னாலும் நான் மெதுவான குரலில் சொன்னதில்லை.

டெத் மெட்டல் என்ற அந்த உறுமல் இசை எனக்குப் படிப்பால் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. விரும்பிய பாட்டுகளைக் கேட்டால் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கேசட் அட்டையில் பாட்டுப் பெயர்களை ஆங்கிலத்தில் தப்பில்லாமல் எழுத அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. கல்லூரி மதியத்தோடு முடிந்துவிடும். நான் போய் நின்றேன். எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். "நாளையில இருந்து வா பேட்டி" என்றார். பேட்டி என்றால் உருதுவில் மகள்.

எழுதுவது சின்ன வேலை. கேட்பதுதான் பெரிய வேலை. வேகமாக ஓட்டிப் பதிந்தால் ஒலி மங்கிவிடும் என்று பாய் அதற்கு ஒப்பமாட்டார். பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஓடவேண்டும். நடுவில் சி.டி. திக்குகிறதா, நாடா இழுக்கிறதா என்று பார்க்க ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நான். எதிரே ஈக்வலைசரில் விளக்குத் தூண்கள் ஏறி இறங்கும். இடப்பக்கத் தூண்கள் அடித்தொண்டை ஒலிக்கு, வலப்பக்கத் தூண்கள் கீச்சொலிக்கு. சிவப்பைத் தொட்டால் குறைக்கவேண்டும்.

டெத் மெட்டல் சி.டி.க்களைக் கொண்டு வந்தவன் ஒரு தலைமை ஆசிரியரின் மகன். பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். பெங்களூரில் இருந்த சொந்தக்காரன் ஒருவன் அவனுக்கு அவற்றை அனுப்புவான். கிட்டார் வாசிப்பான். எங்கள் பங்குக் கோயிலான சர்ச்சில், கொயர் என்ற பாட்டுக் குழுவில், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாசிக்கிறவனும் அவனே. கூட இருவர் வருவார்கள். பூட்டுக் கடைக்காரர் மகன் டிரம்ஸ். இன்னொருவன் பேஸ் கிட்டார், அவன் வாய் திறந்து நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்று பேருக்கும் கறுப்புச் சட்டை. சித்திரை வெயிலிலும் கறுப்புச் சட்டை.

முதல் தடவை வந்தபோது நான் பதிந்து முடித்த கேசட்டைக் கிட்டார்காரன் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான். என்னைப் பார்க்காமல் கடைக்காரரிடம் சொன்னான்.

"பாய், இனிமே நம்ம கேசட்ட செத்த நேரம் வெயில்ல காய வச்சுக் குடுங்க. மாட்டு வாடை அடிக்குது."

டிரம்ஸ்காரன் சிரித்தான். பாய் சிரிக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. வாடிக்கையாளர். நான் அடுத்த கேசட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இவனை விட எனக்கு எதிலாவது அதிகம் தெரிந்திருக்கவேண்டும் என்று மட்டும் நினைத்தேன். எதில் என்று தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது என் காதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் கடை வாசலில் நின்று வகை பிரித்துப் பேசுவார்கள். அட்டைப் படத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். பிணம் இருந்தால் புரூட்டல். பனியும் காடும் இருந்தால் பிளாக். ஓவியம் புரியாவிட்டால் டெக்னிக்கல். எனக்கு அட்டைப் படம் கிடையாது. பெங்களூரில் இருந்து வந்ததில் பாதி, பேனாவால் பெயர் எழுதிய வெற்று சி.டி. எனவே நான் காதாலும் விளக்காலும் பிரித்தேன்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாப் பக்கத்துப் பழைய டெத் மெட்டல் காய்ந்த சத்தம். இரண்டு காலாலும் மிதிக்கிற டபுள் பேஸ் டிரம் டைப்ரைட்டர் மாதிரி தட்டும், ஒவ்வொரு தட்டும் தனியாகக் கேட்கும். கிட்டார் நரம்பை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி வாசிப்பார்கள். விளக்குகள் குதித்துக் குதித்து விழும், நடுவில் இருட்டு தெரியும். குரல் அடித்தொண்டைதான், ஆனால் காது கொடுத்தால் வார்த்தை பிடிபடும். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் பக்கத்து வகையில் அந்த இருட்டு இருக்காது. அங்கே கிட்டார் என்பது மரம் அறுக்கும் மில். ரம்பம் கட்டையில் இறங்கினால் ஓயுமா? நடுத் தூண்கள் ஏறினால் ஏறியபடியே நிற்கும். தாளமும் அப்படிப் பெரிய கணக்கு கிடையாது, ரோட்டுச் சண்டை மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டே போகும்.

அதே நாட்டில் இன்னொரு ஊர் இருக்கிறது, கோத்தன்பர்க். அங்கே வந்தது மெலோடிக் டெத் மெட்டல். இரண்டு கிட்டார்கள் ஒரு மெட்டைச் சேர்ந்து வாசிக்கும், ஒன்று மேலே, ஒன்று கீழே. நீங்கள் பாத்திரம் விளக்கிக்கொண்டே அதை முணுமுணுக்கலாம். குரலும் மேலேறிக் கத்தலாகிவிடும். கிட்டார்காரனுக்கு இதுதான் உயிர். இசை தெரிந்தவன் போலத் தோன்ற இதைவிட எளிய வழி கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

புரூட்டல் என்பது நேர் எதிர். மெட்டு கிடையாது. இடக்கடைசித் தூண்கள் மட்டும் வீங்கி நிற்கும். குரல் வயிற்றில் இருந்து வரும் சாக்கடைக் கொப்புளம், வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகம். டிரம்ஸ் ஒரே வேகத்தில் அடித்து அடித்து, திடீரென்று நின்று, யானை உட்காருவது மாதிரி மெதுவாகும். டெக்னிக்கல் வகை கணக்கு வாத்தியார்களுடையது. காலைத் தட்டிக்கொண்டே கேட்டால் உங்கள் கால் தப்பாகிவிடும். பேஸ் கிட்டார் தனியாகக் கேட்டால் அது பெரும்பாலும் டெக்னிக்கல்தான். மற்ற எல்லா வகையிலும் பேஸ்காரன் இருப்பது அவன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். டெத் டூம் என்றால் மெதுவானது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் விளக்கு முழுவதும் அணைந்து மறுபடி எரியும். இங்கிலாந்துக்காரர்கள் அதில் வயலினைக் கூடச் சேர்த்தார்கள். பிளாக் மெட்டல் டெத் மெட்டலே அல்ல. வலப்பக்கத் தூண்கள் மட்டும் ஆடும், குரல் தொண்டையின் மேல்பாகத்தில் கீறும். முகத்தில் வெள்ளை பூசியதைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்குகிறவர்கள், கண்ணால் கேட்கிறவர்கள்.

ஒரு நாள் வாசலில் டிரம்ஸ்காரன் ஒரு ஸ்டாக்ஹோம் ஆல்பத்தை ஃபுளோரிடா என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தான். நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"அது ஸ்வீடன்ணே. கிட்டார் ரம்பம் மாதிரி இழுக்குதுல்ல? ஃபுளோரிடான்னா தட்டுத் தட்டா விழும்."

கிட்டார்காரன் சி.டி. உறைக்குள் இருந்த தாளை எடுத்துப் பார்த்தான். ஸ்வீடன். தாளை உள்ளே வைத்துவிட்டு, "பாய், உங்க பட்டன் அமுக்குற புள்ள பேசுது" என்றான். அதற்குப் பிறகு என் முன்னால் வகைகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அது எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

எனக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. கேட்பது போதவில்லை. அந்தக் குரலை எடுக்கவேண்டும். வீட்டில் எடுக்க முடியாது, சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்கள். தோல் ஷாப்பில் ஒரு பெரிய மர டிரம் உண்டு. தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே விட்டு நாள் முழுக்கச் சுற்றவிடுவார்கள். அது சுற்றும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. அப்பாவுக்குச் சோறு கொண்டு போகும் சாக்கில் அதன் பின்னால் நின்று பழகினேன். கத்தினால் தொண்டை கிழியும். உறுமல் கத்தல் இல்லை. வயிற்றை இறுக்கி, காற்றைக் கொஞ்சமாக விட்டு, தொண்டைக்குள் ஒரு கதவைப் பாதி சாத்துவது. கொஞ்ச நாளில் அது வந்தது. வந்த அன்று டிரம் பார்க்கிற ஆள் சுவிட்சை அணைத்துவிட்டு, "பேரிங் போச்சுப்பா, உறுமுது" என்று கிரீஸ் டப்பாவோடு ஓடிவந்தார். அப்பாவும் வந்து குனிந்து பார்த்தார். நான் தூக்குச் சட்டியோடு ஒதுங்கி நின்றேன். அந்த வாரம் முழுக்க அந்த அச்சுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் குரலுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் யாரும் கொடுத்ததில்லை.

அவர்கள் மூவரும் ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். அதில் பாடிய நான்காமவன் அப்போதுதான் படிப்பை முடித்து வேலைக்குச் சென்னை போனான். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கலைவிழா, இசைக்குழுப் போட்டி. அவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். பாட ஆள் இல்லை. திண்டுக்கல்லில் உறுமத் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது என்று கடையில் நின்று புலம்பினார்கள். நான் பாடுகிறேன் என்றேன். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு உறுமிக் காட்டினேன். பாய் கையில் இருந்த தேநீர் சட்டையில் சிந்தியது.

டிரம்ஸ்காரன் உடனே சரி என்றான். பேஸ்காரன் தலையாட்டினான். கிட்டார்காரன் மட்டும் ஒப்பவில்லை. குரல் இருந்தால் போதாது, இசை தெரிந்திருக்கவேண்டும் என்றான். பரீட்சை வைப்பதாகச் சொன்னான். பெயர் தெரியாதபடி பிளாஸ்திரி ஒட்டிய கேசட்டுகளைப் போடுவான். ஒவ்வொன்றும் எந்த வகை என்று நான் சொல்லவேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மதுரையில் அந்த மைக் எனக்கு. ஒன்று தப்பினாலும் அதன் பிறகு அவர்கள் கடையில் பேசும்போது நான் வாய் திறக்கக்கூடாது.

பரீட்சை கோயிலை ஒட்டிய மன்றத்தில் நடந்தது. அங்கேதான் கொயர் ஒத்திகை பார்க்கும். அந்த அறைக்குள் அன்றுதான் முதலில் நுழைந்தேன். எங்கள் தெருவில் இருந்து கொயருக்கு யாரையும் எடுத்ததில்லை. எடுக்கக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. போய்க் கேட்டால் இந்த வருசம் இடமில்லை என்பார்கள். எல்லா வருசமும் இந்த வருசமாகவே இருந்தது. அதனால் சிறுவயதில் இருந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் நான்.

கேசட்டுகள் எல்லாம் கடைக்கு வராதவை. அதில் நேர்மையாகத்தான் இருந்தான். முதலில் போட்டது புரூட்டல், அதைச் சொல்ல எனக்கு டிரம்ஸ் நிற்கும்வரை கூடத் தேவைப்படவில்லை. அடுத்தது டெக்னிக்கல். பேஸ்காரன் தன் கருவி கேட்ட சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒன்றில் பிளாக் மெட்டலை நுழைத்திருந்தான். "இது பரீட்சைக்கு வெளிய உள்ளதுண்ணே, அடுத்ததப் போடுங்க" என்றேன். ஒன்றில் தடுமாறினேன். மெதுவாகத் தொடங்கி இரட்டைக் கிட்டாரோடு மெட்டு வந்தது, மெலோடிக்கா டூமா என்று சந்தேகம். திருப்பிப் போடச் சொன்னேன். போட்டான். மெட்டு வந்த பிறகும் தாளம் வேகம் எடுக்கவில்லை, பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரியே போனது. டூம் என்றேன். டிரம்ஸ்காரன் தொடையில் தட்டினான்.

கடைசிக் கேசட்டை எடுக்கும்போது கிட்டார்காரன் என் முகத்தைப் பார்த்தான். அதுவரை அவன் என்னை நேராகப் பார்த்ததில்லை.

ஓடியது. இரட்டைக் கிட்டார், மெட்டு, வேகம். கோத்தன்பர்க் மாதிரிதான் இருந்தது. குரலைக் காணோம், வெறும் இசை. மெட்டின் முதல் சுற்று முடியும் இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இது இந்த அறையில் பதிந்தது. வாசித்தவன் என் எதிரே நிற்கிறான். மெலோடிக் டெத், ஸ்வீடன் என்று நான் சொல்லவேண்டும் என்று அவன் ஆசைப்படுகிறான். பரீட்சையே இதற்காகத்தான். என் காது நல்ல காது என்று அவனுக்குக் கடையிலேயே தெரியும். அந்தக் காதின் வாயால் அவனுக்கு அந்த வார்த்தை வேண்டும். சொன்னால் மைக் எனக்கு. அவன் சந்தோஷமாகக் கொடுப்பான்.

"சொல்லு" என்றான்.

"இது டெத் மெட்டல் இல்லண்ணே."

"பெறகு?"

"பூச முடிஞ்சு சனம் வெளிய போறப்ப வாசிப்பீங்கல்ல, அது. டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரன்னு ஆக்கிருக்கு, அம்புட்டுத்தான்."

டிரம்ஸ்காரன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் நிறுத்தவில்லை. நாடாவைப் பின்னால் ஓட்டி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கையைத் தூக்கிக் காட்டினேன். இதோ, இங்கே. டெத் மெட்டலில் மெட்டு வீட்டுக்குத் திரும்பாது, நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகும். இவன் எவ்வளவு தூரம் போனாலும் கடைசி இரண்டு சுரத்தில் திரும்பி வந்து கதவைச் சாத்துகிறான். பாட்டின் முடிவில் சனங்கள் ஆமென் என்று இழுப்பதற்குக் கிட்டார் எப்படி இறங்குமோ அப்படியே. சின்ன வயதில் இருந்து கொயரில் வாசித்த விரல், அதற்கு வேறு வழி தெரியாது. அடுத்த முடிவு வந்தபோது பேஸ்காரன், அதுவரை பேசாதவன், மெல்ல "ஆமென்" என்றான். அதற்கடுத்த முடிவில் டிரம்ஸ்காரனும் சேர்ந்துகொண்டான். கேசட் தீரும்வரை இரண்டு பேரும் ஆமென் சொன்னார்கள். கிட்டார்காரன் காது சிவந்து நின்றான். எனக்கு இனித்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் இனிக்கிறது.

அவன் வார்த்தை மாறவில்லை. "சரியாத்தான் சொல்லிருக்க. பாடு" என்றான்.

பாட்டை நான் எழுதினேன். அவர்கள் முன்பு ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்ததில் ஒருவன் இன்னொருவனின் தோலைக் கிழிகிழியென்று கிழித்தான். கோழி உரிப்பதைக்கூடப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்கள் எழுதியது. "தோலக் கிழிக்க மாட்டாங்கண்ணே, கிழிஞ்ச தோல யார் வாங்குவா?" என்றேன். தமிழில் எழுதினேன். தோல் ஷாப்பில் ஒரு தோலுக்கு என்னென்ன நடக்குமோ அதை வரிசையாக. தமிழா என்று முகம் சுளித்தார்கள். உறுமினால் எந்த மொழியும் புரியப்போவதில்லை, பிறகென்ன என்றேன். அவர்களில் யாரும் வரிகளை வாங்கிப் படிக்கவும் இல்லை.

ஒத்திகையில் அவனை விடவில்லை. ஒவ்வொரு முறை அந்த இரண்டு சுரத்துக்கு விரல் போகும்போதும் கையை உயர்த்தி நிறுத்தினேன். "வீட்டுக்குப் போறீங்கண்ணே" என்பேன். மறுபடி தொடங்குவான். மறுபடி போவான். மற்ற இருவரும் காத்திருப்பார்கள், கொட்டாவி விடுவார்கள், ஆமென் என்பார்கள். ஒரு நாள் அவன் அந்த இடம் வரும்போது இடது கையைக் கிட்டாரில் இருந்து முழுவதும் எடுத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்படித்தான் கடைசியில் அந்த மெட்டு அறுந்தது. அறுந்தபோது நன்றாக இருந்தது. உண்மையான டெத் மெட்டல். அவன் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

மதுரைக்குப் பஸ்ஸில் போனோம். அம்மாவிடம் கல்லூரி விழா என்று சொன்னேன், அது பொய்யும் இல்லை. அந்தக் கல்லூரி அரங்கில் எங்களுக்கு முன்னால் பாடியவர்கள் எல்லாம் சினிமாப் பாட்டு. நான் மைக் முன்னால் நின்றதும், எண்ணெய் வைத்துப் பின்னிய சடையைப் பார்த்து யாரோ விசில் அடித்தார்கள். முதல் உறுமலில் விசில் நின்றது. முன்வரிசைப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தாள். நான் உப்பில் தொடங்கிச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனேன். முதல் சுற்று முடியும் இடம் வந்தது. கிட்டார் மெட்டு அறுந்தது, அவன் சரியாகத்தான் வாசித்தான். இரண்டாவது சுற்றிலும் சரியாகவே.

மூன்றாவது சுற்றில் வீட்டுக்குப் போனான்.

தவறிப் போகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனான். இரண்டு சுரத்தையும் வைத்து, அதன் மேல் இன்னும் இரண்டு வைத்து, காலால் டிஸ்டார்ஷனை அணைத்து, சுத்தமான கிட்டாரில் கொயர் வாசிப்பை அப்படியே வாசித்தான். அரங்கு பெருமூச்சு விட்டது. பிறகு கைதட்டத் தொடங்கியது, தாளத்தோடு. டிரம்ஸ்காரன் ஒரு கணம் என்னைப் பார்த்தான், பிறகு கைதட்டலின் பக்கம் போய்விட்டான். பேஸ்காரன் டிரம்ஸின் பக்கம் போனான். நான் பாட்டின் பாதியில் இருந்தேன். நிறுத்தவில்லை. அந்த இனிப்பின் மேல் தொடர்ந்து உறுமினேன். மைக் செட்காரர் எங்கோ ஸ்பீக்கர் இரைகிறது என்று நினைத்து என் மைக்கை இறக்கிவிட்டார்.

இது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம். உறுமல் பெரிய சத்தம் கிடையாது. மைக்கை உதட்டோடு வைத்துத்தான் அது பூதமாகிறது. மைக் போனால் அது ஒரு பெண் தொண்டையைச் செருமுவது. அரங்கு சிரித்தது. நான் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன், கிட்டார் முடித்தது, எல்லோரும் எழுந்து தட்டினார்கள். அவனுக்குச் சிறந்த வாசிப்புக்கான கேடயம். நடுவராக வந்த ஒரு அம்மா என் முதுகைத் தடவி, "சளி பிடிச்சிருந்தா சொல்லிருக்கலாமேம்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். கிட்டார்காரன் ஜன்னல் ஓரம், மடியில் கேடயம், கால் இடுக்கில் கிட்டார். மற்ற இருவரும் முன் இருக்கையில். மிஞ்சிய இடம் அவன் பக்கத்தில்தான். உட்கார்ந்தேன். அவன் வெளியே பார்த்தபடியே பேசினான்.

"இனிமே பாட்டுக்கு ஆளு வேணாம்னு பாக்குறோம்" என்றான். "வெறும் இசைதான்."

முன் இருக்கையில் இருவரும் திரும்பவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"சரிண்ணே. ஆனா யாரும் கேட்டா டெத் மெட்டல்னு மட்டும் சொல்லிறாதீங்க."

"பெறகு என்ன வகைன்னு சொல்லட்டும், நீயே சொல்லேன்."

"பரிசு வாங்குற வகைன்னு சொல்லுங்க."

அவன் கேடயத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான். "வாய் மட்டும் இல்லேன்னா ஒன்னைய நாய்கூடத் தேடாது" என்றான். சத்தமில்லாமல், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்.

பஸ் சின்னாளப்பட்டியைத் தாண்டியது, ஊர் நெருங்கிவிட்டது. எனக்குப் பாட்டு பாதியில் நின்றுகொண்டிருந்தது. அது முடியாமல் வீட்டுக்குப் போக எனக்கு மனமில்லை. அவன் காதுப் பக்கம் சாய்ந்தேன். மைக்கில் உதடு எவ்வளவு நெருங்குமோ அவ்வளவு. விட்ட இடத்தில் இருந்து தொடங்கினேன்.

அவன் உதறி விலகப் பார்த்தான். ஒரு பக்கம் ஜன்னல் கம்பி, மடியில் கேடயம், காலில் கிட்டார். நகர இடமில்லை. பக்கத்தில் நின்ற பூக்கூடைக்காரம்மா எனக்குக் குமட்டுகிறது என்று நினைத்து, "ஏத்தா, ஜன்னப் பக்கம் மாறி ஒக்காரு" என்றாள். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு பாடினேன். அந்தத் தூரத்தில் வார்த்தை தெரியும். இத்தனை நாள் கூட வாசித்தவன் அன்றுதான் என் வரிகளைக் கேட்டான்.

மயிர வழி, ஜவ்வ வழி,
ஊற வச்சு ஒதறிப் போடு.
ஆணி அடிச்சு வெயில்ல காட்டு,
அழுகாத எடம் வெட்டிச் சேரு.

அவன் கழுத்தில் மயிர் சிலிர்த்து நிற்பது தெரிந்தது. முன் இருக்கையில் டிரம்ஸ்காரன் திரும்பிப் பார்த்தான், சிரிக்க வாய் எடுத்து, சிரிக்காமல் திரும்பிக்கொண்டான். ஊருக்குள் பஸ் நுழைந்துவிட்டது. ஆட்கள் எழுந்து நெருக்கினார்கள். நான் நிறுத்தவில்லை.

தோள்ல தொங்குற வாரப் பாரு,
எந்த முதுகுன்னு தடவிப் பாரு.

அவன் கை தானாகக் கிட்டார் வாருக்குப் போயிற்று. தோல் வார். தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"போதும் புள்ள" என்றான்.

இன்னும் ஒரு அடி பாக்கி இருந்தது. பாடினேன்.